பதினேழாம் வாசல்

7.4.1970 — 71 வெள்ளி 30 காசு
7.11.1973 — 96 வெள்ளி 25 காசு
7.1.1977 — 121 வெள்ளி 60 காசு
7.8.1980 — 158 வெள்ளி 40 காசு
7.5.1983 — 187 வெள்ளி 20 காசு
7.6.1985 — 203 வெள்ளி 75 காசு

இந்த ஆறு நாள்களிலும், இவற்றுக்கு இடையில் வந்த நூற்று எழுபத்தேழு சம்பள நாள்களிலும், ஆபீஸ் மேசையில் பெருவிரல் வைத்துக் காசு வாங்கியவள் இராஜம்மா. அந்தக் காசுக்கு ரப்பர் மரத்தில் பால் வெட்டியவள் செங்கமலம். ஒருத்தி அண்ணி, ஒருத்தி நாத்தனார். மேசைக்கு அப்பால் உட்கார்ந்து கணக்கெழுதிய கிராணிக்கு இது தெரியும். ஆள்களை வேலை வாங்கும் மண்டோருக்கும் தெரியும்; மண்டோர் தங்கராஜுதான் இராஜம்மாவின் கணவர், செங்கமலத்தின் அண்ணன். தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் இருந்த நாற்பத்தொரு வாசலுக்கும் தெரியும். தோட்டத்துக் காகிதத்துக்கு மட்டும் தெரியாது.

தோட்டம் மலாய் நாட்டில், ஜெராமுக்கு வடக்கே, கோல சிலாங்கூர் போகும் சாலையில் பதினோராம் கட்டையில், அதாவது பதினோராம் மைலில் இருந்தது. துரைமார் வைத்த பெயர் வேறு. தமிழர்களுக்கு அது பதினோராங்கட்டைத் தோட்டம். செங்கமலம் பிறந்தது அங்கேதான், 1937இல். என்ன மாதம், என்ன தேதி என்று சொல்ல ஆள் இல்லை. அப்பாவை 1943இல் ஜப்பான்காரன் சயாம் ரயில் பாதைக்குப் பிடித்துக்கொண்டு போனான்; அவரும் திரும்பவில்லை, அவர் கொண்டுபோன தகரப் பெட்டியும் திரும்பவில்லை. பெட்டிக்குள் பிறப்புப் பத்திரங்கள் இருந்தன. தங்கராஜு தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியில் நான்கு வருடம் படித்தவர். பள்ளிப் பதிவேட்டில் பெயர் இருந்ததால் 1959இல் அவருக்கு நீல அட்டை கிடைத்துப் பிரஜையானார். செங்கமலத்தைப் பள்ளிக்கு அனுப்பவில்லை. அவளுக்குக் கிடைத்தது பிரஜை அல்லாதவர்களுக்கான சிவப்பு அட்டை.

பத்து வருடம் வரை இந்த நிற வித்தியாசத்தை யாரும் பெரிதாக எடுக்கவில்லை. சிவப்பு அட்டைக்காரர்கள் வேலை செய்ய பெர்மிட் வாங்க வேண்டும் என்று சட்டம் வந்ததும் தோட்டம் தோட்டமாக ஆள்கள் மூட்டை கட்டினார்கள். செங்கமலத்தின் கணவர் நாராயணசாமிக்கும் சிவப்பு அட்டைதான். 1970 ஜனவரியில் அவர் கப்பலேறிப் பூர்வீக ஊருக்குப் போனார். போய் நிலைத்ததும் உன்னையும் பிள்ளையையும் கூப்பிடுகிறேன் என்றார். பதினொரு கடிதம் வந்தது. 1972க்குப் பிறகு கடிதம் இல்லை.

அவள் அவரோடு கப்பலேறாததற்குப் பெரிய காரணம் அண்ணன். பிறந்த மண்ணை விட்டு யாரையும் தெரியாத ஊருக்கு ஏன் போகிறாய், நான் இருக்கிறேன் என்றார் தங்கராஜு. வழியையும் அவரே சொன்னார். மூன்றாவது பிள்ளைக்குப் பிறகு இராஜம்மாவுக்கு இழுப்பு. விடியற்காலைப் பனியில் காட்டுக்குள் போனால் மூச்சுத் திணறும். ஆனால் செக்ரோல் என்னும் தொழிலாளர் பதிவேட்டில் அவள் பெயர் இருக்கிறது. நீல அட்டையும் இருக்கிறது. பெயர் அவளுடையதாக இருக்கட்டும், உளி உன் கையில் இருக்கட்டும் என்றார். 1970 மார்ச் 2, திங்கட்கிழமை, விடியற்காலை ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் கிராணி பெயர் கூப்பிட்டபோது, “இராஜம்மா” என்ற குரலுக்குச் செங்கமலம் முதல் தடவையாக “இருக்கேங்கய்யா” என்றாள்.

பெண்கள் அவளுக்கு டூப்ளிகெட் இராஜம்மா என்று பெயர் வைத்தார்கள். 1972 ஆகஸ்டில் அசல் இராஜம்மா நாலாவது பிள்ளையைப் பெற்றாள். காகிதத்து இராஜம்மாவுக்கு அறுபது நாள் பிரசவ விடுப்பு எழுத வேண்டும். எழுதாவிட்டால் தணிக்கையில் மாட்டும். எனவே பிள்ளை பெறாத செங்கமலம் அறுபது நாள் வீட்டில் உட்கார்ந்தாள். பெத்தது ஒருத்தி, படுத்தது ஒருத்தி என்று லயமே சிரித்தது. செங்கமலமும் சிரித்தாள். விடுப்புச் சம்பளம் மட்டும் அண்ணி கையிலேயே நின்றது. அந்த இரண்டு மாதமும் அவள் பக்கத்துத் தென்னந்தோப்பில் தேங்காய் உரித்து மகள் சந்திரிகாவுக்குச் சோறு போட்டாள்.

கிராணி கார்த்திகேசு யாழ்ப்பாணத்துக்காரர். கோடு தவறாமல் எழுதும் மனிதர். தன் கையாலேயே இந்தப் பொய்யைத் தினமும் எழுதுவது அவரை உறுத்தியிருக்க வேண்டும். 1978 பிப்ரவரியில் ஒரு நாள் அவர் குடியுரிமை விண்ணப்பத் தாள் ஒன்றை எடுத்துக்கொண்டு பால் நிறுக்கும் கொட்டகைக்கே வந்தார்.

“இஞ்ச பார் பிள்ளை, இதை நிரப்பிக் குடுத்தால் ரெண்டு மூண்டு வருசத்தில நீலக் கார்ட் வரும். பிறகு உன்ர பேரிலயே வெட்டலாம்.”

அவள் தாளை அண்ணனிடம் கொண்டுபோனாள். தங்கராஜு அதைத் திருப்பிக் கொடுத்தார். நீ உன் பெயரில் சேர்ந்தால் அண்ணியின் பெயரை எடுத்துவிடுவார்கள், இத்தனை வருடச் சேவை போய்விடும், நாலு பிள்ளைகள், கொஞ்சம் பொறு என்றார். நம் குடும்பத்துக்காகத்தானே என்றார். அவள் தாளை மடித்துச் சாமி படத்துக்குப் பின்னால் வைத்தாள். கரையான் அரித்த பிறகு எடுத்துப் போட்டாள். அதை அவள் தியாகம் என்று நினைக்கவில்லை. ஒரே உலையில் பொங்குகிற சோற்றில் எந்த அரிசி யாருடையது என்று யார் பார்க்கிறார்கள்?

1985 மே 2ஆம் தேதி தோட்டம் விற்கப்பட்ட செய்தி வந்தது. வாங்கியது ஒரு வீடமைப்புக் கம்பெனி. மே 31, வெள்ளிக்கிழமையோடு பால் வெட்டு நின்றது. லயத்தைக் காலி செய்யச் சொன்னார்கள். தோட்டத்துக் கமிட்டி கூடியது. ஏழு பேர், தங்கராஜு தலைவர். கமிட்டி கேட்டது ஒன்றுதான்: சாலை ஓரத்தில் கம்பெனி கட்டப்போகும் வரிசை வீடுகளில் லயத்தின் வாசல் ஒன்றுக்கு ஒரு வீடு. செக்ரோல் கணக்கு வேண்டாம், வாசல் கணக்கு. ஏனென்றால் நாற்பத்தொன்றில் ஐந்து வாசலுக்குச் செக்ரோலில் பெயர் இல்லை. ஐந்திலும் சிவப்பு அட்டைக்காரர்கள், அடுத்தவர் பெயரில் உழைத்தவர்கள். செங்கமலத்தின் பதினேழாம் வாசல் அதில் ஒன்று.

ஜூலை 19, வெள்ளிக்கிழமை மாலை, முனீஸ்வரர் கோயில் முன்னால் நாற்பத்தொரு சூடத்தை வரிசையாக வைத்துக் கொளுத்தினார்கள். வாசலுக்கு ஒருவர் வந்து, எரியும் சூடத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்துச் சத்தியம் செய்ய வேண்டும்: ஒரு வாசல் விட்டுப்போனாலும் மற்ற நாற்பதும் வீடு வாங்காது. தங்கராஜு ஒவ்வொரு வாசலாகக் கூப்பிட்டார்.

“பதினேழாம் வாசல், செங்கமலம்.”

பதினைந்து வருடத்தில் அந்தத் தோட்டத்தில் பலர் முன்னால் அவள் பெயரைக் கூப்பிட்டது அப்போதுதான். அவள் சுற்றிலும் பார்த்தாள். பின்னால் இருந்த ஒருத்தி, “இருக்கேங்கய்யான்னு சொல்லு, டூப்ளிகெட்டு” என்று சீண்டினாள். எல்லாரும் சிரித்தார்கள். அவள் போய்ச் சூடத்தை அணைத்தாள். கை சுட்டது தெரியவில்லை.

அடுத்து வந்த எட்டு மாதமும் அவள் அந்தச் சத்தியத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். செப்டம்பரில் கம்பெனி தண்ணீரை நிறுத்தியது. ஒரு மைல் நடந்து மலாய்க்காரர் கிராமமான கம்பத்துக் கிணற்றிலிருந்து, தோளில் போட்டுச் சுமக்கும் காண்டாத் தடியில் இரண்டு வாளியாகத் தூக்கி வந்தாள், தன் வாசலுக்கு ஒரு நடை, அண்ணியின் வாசலுக்கு இரண்டு நடை. நவம்பர் 11ஆம் தேதி கம்பெனி ஆள் ஒருவர் வீட்டுக்கே வந்தார். பெயர் பதிவில் இல்லாத உங்களுக்கு எதுவும் கிடைக்காது, இப்போதே ஆயிரத்து இருநூறு வெள்ளி தருகிறேன், காலி செய்யுங்கள் என்றார். பணத்தைப் பாயின் மேல் விரித்தும் வைத்தார். எங்களுக்கு ஒரு தலைவர் இருக்கிறார், அவரிடம் பேசுங்கள் என்று சொல்லி அவள் பாயைச் சுருட்டி எடுத்துக்கொண்டாள். நோட்டுகள் தரையில் விழுந்தன. அவர்தான் குனிந்து பொறுக்கினார். இதை அவள் சொல்லிச் சொல்லிச் சிரித்தது லயத்தில் எல்லாருக்கும் நினைவிருக்கும்.

1986 மார்ச் 10ஆம் தேதி கமிட்டிக்குக் கம்பெனி ஒரு கடிதம் கொடுத்தது. செக்ரோலில் உள்ள முப்பத்தாறு குடும்பத்துக்கு முப்பத்தாறு வீடு, விலையில்லாமல். இரண்டு நிபந்தனைகள். மற்ற ஐந்து வாசலில் இருப்பவர்கள் விருந்தாளிகள், தோட்டத்துக்கும் அவர்களுக்கும் சம்பந்தமில்லை என்று கமிட்டி எழுதித் தர வேண்டும். நாற்பத்தொரு வாசலையும் மார்ச் 31ஆம் தேதிக்குள் கமிட்டியே காலி செய்து ஒப்படைக்க வேண்டும். இல்லாவிட்டால் கோர்ட் உத்தரவு, யாருக்கும் எதுவும் கிடையாது.

இதற்கான கூட்டம் கோயிலில் நடக்கவில்லை. மார்ச் 16, ஞாயிற்றுக்கிழமை, ஜெராமில் ஒரு கோப்பிக் கடையின் பின்னறையில் நடந்தது. ஐந்து பேர் சரி என்றார்கள். இரண்டு பேர் கூடாது என்றார்கள். அந்த இருவரில் ஒருவர் அப்பளசாமி. செங்கமலத்தோடு அடுத்த நிரையில் பால் வெட்டியவர். அவர் கண்ணீர் விட்டதாகவும் சொல்வார்கள். ஆனால் வெளியே வந்து ஐந்து வாசலுக்கும் சொல்லவில்லை.

சொன்னவர் தங்கராஜுதான். அதையும் குறித்துவைக்க வேண்டும். ஆள் அனுப்பாமல் தானே வந்தார். மார்ச் 22, சனிக்கிழமை, காலை பத்து மணி இருக்கும். செங்கமலம் நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்தாள். அவர் உட்காரவில்லை. வாசற்படியில் நின்றபடி எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லி முடித்தார்.

“சூடத்த ஏத்துனது நீதானண்ணே” என்றாள்.

“ஏத்துனேன். நாப்பத்தொண்ணும் கெடைக்கும்னு ஏத்துனேன். இப்ப முப்பத்தாறுதான் நிக்குது. விட்டா அதுவும் போயிரும். நீயே சொல்லு புள்ள, இருநூத்திப் பதினோரு பேரு ரோட்டுல நிக்கட்டுமா?”

“அந்த இருநூத்திப் பதினொண்ணுல நான் இருக்கேனா?”

“இல்ல” என்றார்.

“அப்ப என்னைய எண்ணி எடுத்து வச்சிட்டுத்தான் வந்திருக்க.”

“எனக்கு மட்டும் மனசு இல்லையா? தலைவன்னு ஒருத்தன் இருந்தா ஊருக்குன்னு கல்லாகித்தான் ஆகணும். அதெல்லாம் காகிதத்துலதான் விருந்தாளி. எனக்கு நீ தங்கச்சிதான். புது வீட்ல முன் ரூமு உனக்குத்தான். அண்ணிகிட்டயும் சொல்லிட்டேன்.”

செங்கமலம் நெத்திலித் தலைகளை ஓலைப்பெட்டியில் தட்டினாள். “அங்க வந்து எந்தப் பேருல இருக்கறது?” என்று கேட்டாள்.

அவர் போய்விட்டார்.

சொன்னதோடு நிற்பார், செய்ய மாட்டார் என்று அவள் நம்பினாள். அவள் வாழ்க்கையில் செய்த பெரிய தவறு அதுதான். மூன்று நாள் கழித்து, மார்ச் 25, செவ்வாய்க்கிழமை காலையில், ஏணியோடு ஆறு பேர் வந்தார்கள். பெயர் இல்லாத மற்ற நான்கு வாசலும் முந்தைய நாளே காலியாகிவிட்டன. கிழவர் உமாபதி ஒருவர்தான் கூச்சல் போட்டார்; மற்றவர்கள் பேசாமல் மூட்டை கட்டினார்கள். பதினேழாம் வாசலில் மட்டும் ஆள் உள்ளே இருந்தாள்.

கூரையில் இருபத்திரண்டு தகரம். ஆணியைப் பிடுங்கிப் பிடுங்கி ஒவ்வொன்றாக இறக்கினார்கள். ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்தவர் தங்கராஜு. தகரம் அவள் மேல் விழுந்துவிடக் கூடாது என்று ஒவ்வொரு தடவையும் மேலே பார்த்து, மெதுவா, மெதுவா என்றார். சாமி படத்தை யாரும் தொடக் கூடாது என்று தானே துண்டால் கையைத் துடைத்துக்கொண்டு எடுத்து வெளியில் வைத்தார். வீட்டுக்குள் கட்டம் கட்டமாக வெயில் இறங்கியது. அவள் நடுவில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். வந்தது கம்பெனிக்காரனாக இருந்தால் அரிவாளை எடுத்திருப்பாள். அண்ணனும் அப்பளசாமியும், பிரசவத்துக்குத் தான் கூட நின்ற பெண்களின் புருஷன்மாரும் வந்து நின்றால் எதை எடுப்பது?

அப்பளசாமி கீழே நின்று தகரங்களை வாங்கி அடுக்கினார். ஒரு தடவைகூட அவள் பக்கம் பார்க்கவில்லை. பதினாறாம் வாசலில் இராஜம்மா கதவுக்குப் பின்னால் நின்றாள். கதவின் கீழே அவள் பாதம் மட்டும் தெரிந்தது. பதினைந்தாவது தகரம் இறங்கும்போது செங்கமலம் எழுந்து மூட்டையைக் கட்டினாள்.

சந்திரிகா அப்போது ரவாங்கில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்தாள். சுங்கை சோவில் ஒரு கடைக்கு மேலே அறை எடுத்திருந்தாள். அம்மா அங்கே போய்ச் சேர்ந்தாள். பகலில் தொழிற்சாலை ஹாஸ்டலில் சமையல் வேலை. அங்கே அட்டையின் நிறத்தை யாரும் கேட்கவில்லை; சம்பளத் தாளில் அவள் பெயரையே எழுதினார்கள். முதல் வாரம் யாரோ செங்கமலம் என்று கூப்பிட்டபோது தன்னைத்தான் என்று உறைக்காமல் அரிசி களைந்துகொண்டே இருந்தாள்.

மகளுக்குக் கோபம் ஆறவில்லை. மாமா செய்தது பச்சைத் துரோகம் என்றாள். நம்ம ஆளு நம்ம ஆளுன்னு சொல்லி நம்மள வித்துட்டாரு லா என்றாள். செங்கமலத்தை வேறொன்று அரித்தது. 1983இல் கெர்லிங் பக்கத்துத் தோட்டமொன்று மூடியபோது, கண்டிராக்டர் ஒருவர் அங்கிருந்து பன்னிரண்டு பேரைப் பதினோராங்கட்டைக்குக் குறைந்த கூலிக்குக் கொண்டுவந்தார். அவர்களும் தமிழர்கள்தான். வேலை போய்விடும் என்று கமிட்டி அவர்களை விரட்ட முடிவு செய்தது. குழாயடியில் அவர்களைத் தண்ணீர் பிடிக்க விடாமல் பெண்கள் முறை வைத்து நின்றார்கள். செங்கமலத்தின் முறையன்று கைப்பிள்ளையோடு ஒருத்தி ஒரே ஒரு வாளி கேட்டாள். எங்க ஆளுங்களுக்கே பத்தல என்று சொல்லிக் குழாயை இறுக்கி மூடியது செங்கமலத்தின் கை. ஐந்தாம் நாள் அவர்கள் போய்விட்டார்கள். அன்று அவள் நன்றாகத் தூங்கினாள்.

இதையெல்லாம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மகளிடம் சொன்னாள். “வேற அஞ்சு வாசலா இருந்திருந்தா நானும் வீட்டுச் சாவிய வாங்கியிருப்பேன். அந்த ஏணியப் புடிச்சிருக்க மாட்டேன்னு என்னால அடிச்சுச் சொல்ல முடியல. ஆனா அண்ணன் என்னைய விட்டுத்தான் கணக்குப் பார்ப்பாருன்னு நெனச்சே பார்க்கல, புள்ள.” அம்மா சொன்னது நியாயமா, அநியாயமா என்று சந்திரிகாவுக்குப் புரியவில்லை. அவளுக்குத் தெரிந்தது ஒன்றுதான்: பதினைந்து வருடம் மூன்று மாதம் அம்மா பால் வெட்டினாள்; அதை யாராவது காகிதத்தில் ஒப்புக்கொள்ள வேண்டும். ஒப்புக்கொண்டால் வீடு கேட்கலாம்.

1986 ஜூன் 2ஆம் தேதி தொழிலாளர் அலுவலகத்துக்கு மனு போட்டாள். ஆதாரம் கேட்டுப் பதில் வந்தது. ஆதாரத்துக்குப் போக ஓர் இடம்தான் இருந்தது. கார்த்திகேசு ஓய்வு பெற்றுக் கிள்ளானில் மகன் வீட்டில் இருந்தார். ஆகஸ்ட் 17ஆம் தேதி தாயும் மகளும் போனார்கள். அவர் தேநீர் கொடுத்து உபசரித்தார். அலமாரியிலிருந்து ஒரு தாளை எடுத்தார். 1970 முதல் 1985 வரை இராஜம்மா பெயரில் கொடுத்த சம்பளத்தைத் தேதிவாரியாகத் தன் கையெழுத்தில் முன்பே எழுதி வைத்திருந்தார். ஒரு காசு பிசகில்லை. அடியில் கையெழுத்துப் போட்டுத் தரச் சொன்னாள் சந்திரிகா.

“அது ஏலாது பிள்ளை. பதினைஞ்சு வருசம் பொய் எழுதினன் எண்டு நானே எழுதித் தந்தால் என்ர பென்சன் என்னாகும்? தாளை வச்சுக்கொள்ளுங்கோ. கணக்குச் சரி.”

கையெழுத்தில்லாத அந்தத் தாளைச் செங்கமலம் வாங்கி மடித்துக்கொண்டாள். அவர் மேல் அவளுக்குக் கோபம் வரவில்லை. முடியாது என்பதை, தனக்காகத்தான் என்று மறைக்காமல் சொன்னவர் அவர் ஒருவர்தான்.

ஒரு வருடத்துக்கு மேல் கடிதங்கள் போவதும் வருவதுமாக இருந்தன. கடைசியில் அலுவலகம் ஒரு வழி சொன்னது. பதிவேட்டில் பெயர் உள்ள இராஜம்மாவே நேரில் வந்து, வேலை செய்தது இன்னார் என்று சத்தியப் பிரமாணம் செய்தால் போதும், கோப்பைத் திறக்கலாம்.

1987 நவம்பர் 29, ஞாயிற்றுக்கிழமை, செங்கமலம் தனியாகப் பேருந்து ஏறிப் பதினோராங்கட்டைக்குப் போனாள். முப்பத்தாறு வீடும் இரண்டு வரிசையாக நின்றன. ஒவ்வொரு வாசலிலும் மாவிலைத் தோரணம் காய்ந்து தொங்கியது. ஒன்பதாம் நம்பர் வீட்டில் இராஜம்மா கட்டிலில் சாய்ந்திருந்தாள். இழுப்பு முற்றியிருந்தது. நாத்தனாரைக் கண்டதும் எழுந்து உட்கார்ந்து அழுதாள். செங்கமலம் வந்த விஷயத்தைச் சொன்னாள். சொல்லி முடிக்கும் முன்பே இராஜம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“இந்தக் கையப் பாரு செங்கமலம். உளி புடிச்ச கையா இது? ஆபீசுல இதக் காட்டுனாலே போதும், கேள்வியே கேக்க மாட்டாங்க. நான் வந்து சொல்றேன். பெருவெரல் வைக்கறதுதான் எனக்குப் பழக்கமாச்சே.”

இருவரும் சிரித்துவிட்டார்கள். இராஜம்மா தன் உள்ளங்கையை அவள் உள்ளங்கையில் அடித்துச் சத்தியம் செய்தாள். மீன் குழம்பு வைத்துச் சோறு போட்டாள். சாப்பிடும்போது தங்கராஜு வந்தார். இளைத்திருந்தார். தங்கையின் தட்டில் குழம்பு இருக்கிறதா என்று பார்த்தார். விஷயத்தை மனைவி சொல்லக் கேட்டுவிட்டு, வீடுகளின் உரிமைப் பத்திரமான கிராண்ட் இன்னும் யார் கைக்கும் வரவில்லை என்று மட்டும் சொன்னார். செக்ரோல் பொய் என்று தெரிந்தால் கிராண்டைக் கம்பெனி நிறுத்திவிடும் என்பதை அவர் சொல்லவில்லை. செங்கமலத்துக்கு அது சொல்லாமலே விளங்கியது. அண்ணி பிடித்த கையின் சூடு இன்னும் இருந்ததால் அவள் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. திரும்பும் வழியில் ஜெராம் சந்தையில் மகளுக்குப் பிடித்த கருவாடு வாங்கினாள்.

டிசம்பர் போனது, ஜனவரி போனது. அண்ணி எப்போது போகிறாள் என்று கேட்டு எழுதிய இரண்டு கடிதத்துக்கும் பதில் இல்லை. உடம்பு சரியில்லாமல் இருக்கும் என்று செங்கமலம் தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். மகள் ஏதாவது சொல்ல வாயெடுத்தால், அண்ணி அப்படிப்பட்டவ இல்ல என்று தடுத்தாள்.

தொழிலாளர் அலுவலகத்தின் கடைசிக் கடிதம் மலாய் மொழியில் இருந்தது, இரண்டு பக்கம். சந்திரிகா வேலை முடிந்து வந்து, சட்டையைக்கூட மாற்றாமல் நின்றபடியே வாசித்து ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னாள். மார்ச் 28ஆம் தேதி இராஜம்மா அலுவலகத்தில் ஆஜராகியிருக்கிறாள். 1970 மார்ச் முதல் 1985 மே வரை தன் கையாலேயே பால் வெட்டியதாகச் சத்தியப் பிரமாணம் செய்திருக்கிறாள். செங்கமலம் என்பவர் கணவரின் தங்கை, பக்கத்து வாசலில் விருந்தாளியாகத் தங்கியிருந்தவர், தோட்டத்தில் ஒரு நாளும் வேலை செய்யவில்லை என்று சொல்லியிருக்கிறாள். இதற்கு ஆதரவாகப் புதிய வீடுகளின் முப்பத்தாறு குடும்பத் தலைவர்களும் கையொப்பமிட்டுள்ளனர். ஆகவே கோப்பு மூடப்படுகிறது.

இரண்டாம் பக்கத்தில் அந்த முப்பத்தாறு பெயரும் வரிசையாக இருந்தன. முதல் பெயர் தங்கராஜு.

செங்கமலம் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். அழவில்லை. ஒன்றே ஒன்று கேட்டாள்.

“அப்பளசாமி அண்ணன் பேரு இருக்கா, பாரு.”

சந்திரிகா விரலை வைத்து இறக்கிக்கொண்டே போனாள். “இருக்கும்மா. இருபத்தொம்பதாவது.”

“சரி. மடிச்சு வையி.”

மகள் மேல்முறையீடு செய்யலாம், மந்திரி ஆபீசுக்கு எழுதலாம் என்று பேசிக்கொண்டே போனாள். செங்கமலம் எழுந்து அடுப்பைப் பற்றவைத்தாள். இரண்டு பேருக்கு அரிசி அளந்து போட்டாள். மறுநாள் காலை ஐந்தே முக்காலுக்கு வழக்கம்போல் ஹாஸ்டல் வேலைக்குப் போனாள். அதற்குப் பிறகு அவள் பதினோராங்கட்டைப் பக்கம் போகவில்லை. மனு எதுவும் எழுதவில்லை. அந்த முப்பத்தாறு பேரில் யார் பெயரையும் வாயால் சொல்லவில்லை.

கடிதம் சுங்கை சோவுக்கு வந்து சேர்ந்த தேதி 19.4.1988, செவ்வாய்க்கிழமை.